சாக்ஸுக்குள் கட்டிய கரி

எனக்கு வயது எழுபத்தாறு. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள்; யாரிடமும் தலைகுனிந்ததில்லை.

நேற்று பேத்தி கவிதா, அலமாரியில் ஈரம் தங்காமலிருக்க, பழைய சாக்ஸில் கரித்துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டாள். "செலவே இல்ல பாட்டி" என்றாள்.

என் சின்ன வயதில், பெம்பான் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் அம்மாவும் துணிப்பெட்டிக்குள் கரிமுடிச்சு வைப்பாள். ஒருநாள் அது அவிழ்ந்து என் வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் கறை. பள்ளியில்தான் தெரிந்தது. வீட்டுக் கரி என்று சொல்லக் கூசி, "பின்னால இருக்கிற வள்ளி பூசிட்டா டீச்சர்" என்றேன். வள்ளி அடி வாங்கினாள்.

திரும்பும் வழியில் அவளே பாவாடை நுனியை நனைத்து என் முதுகைத் துடைத்தாள். "ஒங்கம்மா பாத்தா திட்டும்லா."

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை.

கவிதா, இதைச் சத்தமாகப் படி. பொய் சொன்னது நான்தான் என்று சரியாக எழுதியிருக்கிறேனா?