ரிங்டோன் டீச்சர்

பெருமாட்டிப் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் யோகப்பிரியா டீச்சர் ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறார். திங்கட்கிழமை சொல்லிக்கொடுத்த வார்த்தை புதன்கிழமை பிள்ளைகளின் தலையில் தங்காது. அதற்காக வார்த்தை விளையாட்டு ஆப் ஒன்றைப் பெற்றோரின் போன்களில் இறக்கிக் கொடுத்தார். பிறகு பரீட்சை வைத்துப் பார்த்தால், விளையாட்டுக்கு நடுவே வந்த விளம்பரங்களின் வார்த்தைகளைத்தான் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.

ஒருநாள் பாடம் நடக்கையில் வெளியே ஒரு போன் அடித்தது. யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கௌசிகா அப்பன் வந்திருக்காரு டீச்சர்" என்றது வகுப்பு. ஊரில் எவர் போன் எப்படி அடிக்கும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

டீச்சருக்குப் பொறி தட்டியது. வீட்டுக்கு ஒரு வார்த்தை, அதன் பொருள் என்று தன் குரலிலேயே பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பிள்ளைகள் அதை அப்பா அம்மா போனில் ரிங்டோனாக வைத்தார்கள். பால் சொசைட்டி வரிசையில் "ஹார்வெஸ்ட்! அறுவடை!" என்று ஒரு போன் கூவும். டீக்கடையில் "ஷேடோ! நிழல்!" என்று இன்னொன்று கூவும். போகிற பிள்ளைகள் நின்று எழுத்துக் கூட்டிவிட்டுப் போவார்கள்.

கௌசிகாவின் அப்பா குப்பண்ணன் தென்னந்தோப்புக்காரர். அவர் போனுக்கு வாய்த்தது "ரிஜெக்ட்". மூத்த மகளைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஆட்கள் வரும்வரை அவருக்கு அதில் ஒரு புகாரும் இல்லை.

கேசரி பரிமாறியாயிற்று. பெண் வந்து கும்பிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா, "புள்ள லட்சணமா இருக்குதுங்க" என்று சொல்லி முடிக்கவில்லை, குப்பண்ணனின் சட்டைப் பையிலிருந்து டீச்சர் அலறினார்: "ரிஜெக்ட்! நிராகரி! ரிஜெக்ட்! நிராகரி!"

பதறிப்போய் அமுக்கினார். தேங்காய் ஏற்ற வந்து தோப்பில் காத்திருந்த லாரிக்காரன் விடுவானா? மறுபடியும் கூப்பிட்டான். "ரிஜெக்ட்! நிராகரி!" சமையற்கட்டிலிருந்து கௌசிகா பழக்கதோஷத்தில், "ஆர், இ, ஜே, இ, சி, டி!" என்று ராகம் போட்டாள்.

"ஏனுங்க, நாங்க வர்றதுக்கு முந்தியே முடிவு பண்ணீட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஐயோ, அது எங்க புள்ளையோட டீச்சருங்க!"

"ஓ, டீச்சருக்கும் புடிக்கலீங்களா?"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்காமல் கேசரி புரையேறியது.

அந்த இடம் அமையவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்றார் தரகர். குப்பண்ணனின் மனைவி கமலாத்தாள் அதை நம்பவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"படிப்பு வேண்டாங்கலீங்க டீச்சர். ஆனா எங்க ஊட்டுக்குன்னு பாத்து இப்படியொரு வார்த்தையக் குடுக்கோணுங்களா? நல்லதா ஒண்ணு போட்டுக் குடுங்க."

"ப்ளெஸ்ஸிங் வெக்கட்டுங்களா? ஆசீர்வாதம்னு அர்த்தம்."

"அது இருக்கட்டுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார்.

விஷயம் பரவியது. வாழைக்காய் மண்டி பூபதிராஜா, "லாஸ் எடுத்துட்டு பிராஃபிட் போடுங்க டீச்சர்" என்று வந்து நின்றார். ஊர் முழுக்க வெற்றியும் வளர்ச்சியும் மகிழ்ச்சியுமாய் ஒலிக்கத் தொடங்கியது. அரையாண்டுப் பரீட்சையில் பஞ்சம் பற்றி ஒரு கதை வந்தது. ஒருவருக்கும் புரியவில்லை. "ஃபேமின்" என்பது "ஃபேமிலி" என்பதன் அச்சுப் பிழை என்று கௌசிகா விளக்கமே எழுதியிருந்தாள்.

டீச்சர் யோசித்துப் பார்த்தார். எந்த வீடும் வாங்காத வார்த்தைகளையெல்லாம் வாரத்துக்கு ஒன்றாகத் தன் போனிலேயே ஏற்றிக்கொண்டார். பக்கத்துச் சித்தூர் போகும் பஸ்ஸில் இருக்கும்போது கணவர் கூப்பிட்டால், "தெஃப்ட்! திருட்டு!" என்று அலறுகிறது, பக்கத்து சீட்டுக்காரம்மா பையை மடிக்கு இழுத்துக்கொள்கிறார். பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். பள்ளியில் கொண்டுவந்து விடும் அப்பாவின் போனை வாங்கி, டீச்சர் வகுப்புக்குள் கால் வைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். "டீச்சர் போன்ல இந்த வாரம் என்ன கெட்ட வார்த்தைடி?" என்று முந்தைய நாளே பந்தயம் நடக்கும்.

முழுஆண்டுப் பரீட்சையில் வந்தது ஒரு திருட்டுக் கதை. தாள்களைத் திருத்தியதும் யோகப்பிரியா டீச்சருக்குத் தரையில் கால் பாவவில்லை. விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்கு ஓடினார்.

"சார், நம்ம புள்ளைங்க திருட்டுல அத்தனை பேரும் பாஸுங்க!"

உள்ளே அப்போதுதான் கல்வி ஆபீசர் வந்து உட்கார்ந்திருந்தார்.