பற்றவைத்துக் கொண்டுவரச் சொன்னேன்

அன்பான விசுவாசிகளே, என் மூத்த மகன் பீட்டர் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் சிகரெட்டோடு பிடிபட்டான். தொண்ணூற்றைந்து வாக்கில் நடந்தது. இன்னொரு தடவை என்றால் டி.சி.தான் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தலையே சுற்றியது. நான் கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் லைட்மேன். இவனாவது படித்து மேலே வரட்டும் என்றுதான் இருந்தேன்.

பெல்ட்டால் அடித்தேன். அவன் அடங்கவில்லை. அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள். மத்தியானச் சாப்பாட்டை விட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, இந்தப் பிசாசு எந்த வழியாக என் வீட்டுக்குள் வந்தது?" என்று அழுதேன். ஆனால் நான் என் சிகரெட்டை மட்டும் விடவில்லை. உபவாசக் கணக்கில் அது வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஷூட்டிங் முடிந்து வந்து காலை நீட்டினால் நான் எழுந்திருக்க மாட்டேன். சிகரெட் வாங்கப் பிள்ளையைத்தான் முனைக் கடைக்கு அனுப்புவேன். அங்கே தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்தே கொண்டுவர வேண்டும். அணைந்துபோனால் திட்டு விழும். அதனால் வழியெல்லாம் இழுத்துக்கொண்டே வருவான். முதலில் பீட்டர் போனான். அவன் வளர்ந்ததும் சின்னவன் தாஸ் போனான்.

பெரிய வெள்ளிக்கு முந்தின சாயங்காலமும் தாஸை அனுப்பினேன். நேரமாகியும் வரவில்லை என்று வாசலுக்கு வந்தேன். தாஸ் சிகரெட்டை வாயில் வைத்தபடி தெருவில் வந்துகொண்டிருந்தான். பீட்டர் குறுக்கே போய் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டான். எனக்கு வந்த கோபத்தில் ஓடிப்போய்க் கையை ஓங்கினேன்.

"நானும் இப்டித்தான் கத்துக்கினேன் நைனா. இவனையாவது வுட்டுடு" என்றான்.

ஓங்கிய கை கீழே வந்துவிட்டது. நான் அழுது கேட்ட கேள்விக்கு ஆண்டவர் பதில் சொல்லிவிட்டார். வழி திறந்துவிட்டவன் நான்தான்.

வீட்டுக்குள் வந்து இரண்டு பிள்ளைகளுக்கும் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். பீட்டரும் என் பக்கத்தில் மண்டியிட்டான். அன்றோடு நான் விட்டேன். பீட்டர் விடச் சில மாதங்கள் ஆயின. கை பரபரத்த நாட்களில் இருவரும் சேர்ந்தே ஜெபித்தோம். தாஸ் அதற்கப்புறம் தொடவே இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று தெரியும். ஆனாலும் பீட்டர் இருமினால் இன்னமும் செய்கிற வேலையை விட்டுவிட்டு அவனைத் திரும்பிப் பார்க்கிறேன். பிள்ளைக்காகக் கண்ணீர் விடும் தகப்பன்மாரே, அவரை நம்பிக் கேளுங்கள். நிச்சயம் பதில் தருவார். அது உங்களையே காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.