சாம்பல் போட்டுக் கழுவிய பாட்டில்கள்

சோதனைக் குழாயில் நீலம் ஏறியபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். தண்ணீரில் பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அடர்த்தியாக நீலம் வரும். ராஜபாளையத்துச் சாக்கடை நீர் நீலமானது சரி. ஆள் நடமாட்டமே இல்லாத மலையடி ஓடையின் நீரும் ஏறக்குறைய அதே நீலத்தில் நின்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

எண்பதுகளின் கடைசி அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாடகை வீடுதான் எங்கள் ஆய்வகம். இந்தப் பக்கத்து ஆறு கடலில் சேரும் இடத்தில் பாசி மண்டி, மூச்சு முட்டிய மீன்கள் செத்து ஒதுங்கியிருந்தன. பாசிக்குத் தீனியான பாஸ்பேட் எங்கிருந்து போகிறது, வயல் உரத்திலிருந்து எவ்வளவு, ஊர்ச் சாக்கடையிலிருந்து எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது என் வேலை. எங்கள் திட்ட அதிகாரியோ சோதனைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டவர். தேவதானத்திலும் சுந்தரபாண்டியத்திலும் உரத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள், அவர்களுக்கு ஒதுக்கீட்டைக் குறைத்தால் கடல் தானாகத் தெளிந்துவிடும் என்பார். அன்று மாலை என் அட்டவணையை வாங்கிப்போக வருவதாக இருந்தார்.

பாட்டில் கழுவ ஓர் அக்கா இருந்தார். மடவார் வளாகத்திலிருந்து நடந்தே வருவார். மூன்று வருடமாகத் தினக்கூலி. அந்த மாதம் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பி மகளை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்திருந்தார். வீட்டு அடுப்புச் சாம்பலைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, ஒரு பிடி மணலும் சேர்த்துப் போட்டு, பாட்டிலைக் குலுக்கு குலுக்கென்று குலுக்குவார். “சோப்பெல்லாம் எதுக்கு சார்? எம்புட்டுப் பாசி புடிச்சிருந்தாலும் சாம்பலுக்குப் போயிரும்” என்பார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “கடையில வாங்குன மாதிரி இருக்குக்கா” என்று பாராட்டக்கூடச் செய்தேன். பாட்டில்களை அமிலம் விட்டுக் கழுவ வேண்டும் என்பது விதி. அமிலத்தை அவர் கையில் கொடுக்கப் பயம், நானே கழுவச் சோம்பல். சாம்பலில் பாஸ்பேட் உண்டு என்பது நான் படித்ததுதான். கொல்லைப்புறத்தில் நின்றபோது அந்தப் படிப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

சந்தேகம் வந்ததும் கழுவி வைத்த பாட்டிலில் வெறும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சோதித்தேன். அதுவும் நீலமானது. “சாம்பல்தான்கா கெடுத்திருக்கு” என்று அக்காவிடம் சொன்னேன். அதிகாரியிடம் வாயை மூடிக்கொண்டால் இரண்டு ஊர் விவசாயிகளின் உரம் போகும். திறந்தால் அக்காவின் வேலை போகும், அல்லது என்னுடையது.

அதிகாரி வந்து ஓடைக் கணக்கைப் பார்த்தார். “இதை அடிச்சுடுப்பா. மத்ததெல்லாம் நல்லாத்தானே வந்திருக்கு” என்றார். பேனாவை எடுத்தேன். அடிக்க முடியவில்லை. “எல்லாமே தப்பு ஐயா. பாட்டில்ல கோளாறு” என்றேன்.

“யார் கழுவினது?”

நான் தரையைப் பார்த்தேன். வாசலில் இருந்து அக்காவின் குரல் வந்தது. “நாந்தான் ஐயா. சாம்பல் போட்டுக் கழுவுனேன். சார் வேணாம்னுதான் சொன்னாவ. நாந்தான் கேக்கலை.”

நான் அப்படிச் சொன்னதே இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்காத கேள்விக்கு ஆமென்று தலையை ஆட்டினேன்.

மறுநாளிலிருந்து அக்கா வரவில்லை. நானே அமிலம் விட்டுக் கழுவி, எல்லா இடத்திலும் மறுபடி நீர் எடுத்தேன். ஓடை நீர் நிறமே காட்டவில்லை. சாக்கடைதான் முதலில் நின்றது, வயல்கள் வெகுதூரம் பின்னால். யாருடைய உரத்திலும் கை வைக்கவில்லை. என் கவனத்தைப் பாராட்டி அறிக்கையில் ஒரு வரி வந்தது. அந்த வருடமே என் வேலை நிரந்தரமானது.

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். பஞ்சு மில்லுக்குப் போவதாகச் சொன்னார். மகளைப் பற்றிக் கேட்டேன். டைப்ரைட்டிங்கைப் பாதியில் நிறுத்தி, அவளும் அதே மில்லில்தான் என்றார். அப்புறம், “பொறவு தண்ணி சரியா வந்துச்சா சார்?” என்று கேட்டார்.

“வந்துச்சுக்கா” என்றேன்.

“அது போதும்” என்று சொல்லி பஸ் ஏறிவிட்டார். பஸ் புறப்படச் செத்த நேரம் ஆனது. ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார். கூப்பிடு தூரம். நான் கூப்பிடவில்லை.