சென்னை சுற்றி வந்த இன்ஸ்பெக்டர்

பெங்களூரிலிருந்து ஆம்பூருக்குக் காரில் நாலு மணி நேரம்கூட ஆகாது. எங்கள் ஷூ கம்பெனிக்குச் சரக்கைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டரோ, பெங்களூரில் விமானம் ஏறி ஒரு மணி நேரத்தில் சென்னையில் இறங்கி, அங்கிருந்து காரில் நாலு மணி நேரம் பயணம் செய்து வருவார். ஊரைத் தாண்டிப் பறந்து போய்விட்டுத் திரும்பி வருகிற மனிதரை எப்படி நம்புவது?

பேக்கிங் சூப்பர்வைசரான எனக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. சென்னையிலிருந்து வரும் வழியில் ராணிப்பேட்டை. அங்கே எங்களுக்குப் போட்டியாக ஒரு கம்பெனி இருந்தது. முதலாளியிடம் சொன்னேன்.

"அங்க எறங்கி நம்ம டிசைனைக் காட்டிட்டு வர்றாரோ இன்னாமோ, பாய்."

"அடுத்த வாட்டி நீயே ஏர்போர்ட் போய்க் கூட்டினு வா. எங்க நிறுத்தச் சொல்றாருன்னு பாரு," என்றார்.

போனேன். வாலாஜாபேட்டை தாண்டியதும் கண்ணாடியில் அவரையே கவனித்துக்கொண்டு ஓட்டினேன். அவருடைய போன் அடித்தது. "அப்புறம் பேசறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நான் இருப்பதால்தான் பேசவில்லை என்று முடிவு கட்டினேன். எங்கும் நிறுத்தச் சொல்லவுமில்லை. உஷாராகிவிட்டார் என்று தோன்றியது.

மதியம் சோதனை முடியும்போது மறுபடி போன். பேசிவிட்டு என்னிடம் வந்தார். "பொண்ணுக்குக் காலையிலேர்ந்து ஜுரம். பெங்களூர்ல அக்கா வீட்டுல விட்டிருக்கேன். உடனே சென்னை போய் பிளைட் பிடிக்கணும்."

"சென்னை போய், பிளைட்டுக்குக் காத்திருந்து, நீங்க போறதுக்குள்ள ராத்திரி ரொம்ப லேட் ஆய்டும் சார். நேரா ரோட்ல போனா ஆறு மணிக்கே கொழந்தைகிட்ட இருக்கலாம். நானே விட்டுட்டு வர்றேன்."

என்ன சாக்குச் சொல்கிறார் பார்ப்போம் என்றுதான் அப்படிச் சொன்னேன். வெகுநேரம் கார் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு ஏறினார்.

வாணியம்பாடி தாண்டியதும் என் சீட்டின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார். நாட்றம்பள்ளிக்குச் சற்று முன்பு, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார். இறங்கிச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை.

"ரெண்டு வருஷம் முன்னாடி, இங்கதான் ஆக்சிடென்ட். நான்தான் ஓட்டிட்டு வந்தேன். என் மனைவி பக்கத்துல உட்கார்ந்திருந்தா."

தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

"சென்னைக்கே திரும்பிடலாம் சார்."

"வேணாம். பொண்ணு காத்துட்டிருப்பா. நீங்க மெதுவா ஓட்டுங்க, போதும்."

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். லாரிகள் எங்களை முந்திக்கொண்டு போயின. "கிருஷ்ணகிரி வந்தாச்சு சார்" என்று நான் சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

போய்ச் சேர எட்டு மணி ஆகிவிட்டது. ஸ்வெட்டர் போட்ட சின்னப் பெண் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"என்னப்பா, பிளைட் சீக்கிரம் வந்துடுச்சா?"

"ரோட்லதான் வந்தேன்மா," என்றார். அந்தப் பெண் அவர் கையை விடவேயில்லை. நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ராணிப்பேட்டை ஆளில்லை, நான் நினைத்தது தப்பு என்றேன். முதலாளி கடைசிவரை கேட்டார்.

"பெங்களூர் வரைக்கும் கூடவே போய்ட்டு வந்திருக்க," என்றார், என் முகத்தையே பார்த்து. "என்கிட்ட இன்னா சொல்லச் சொன்னாரு?"

அந்த மாதமே என்னைப் பேக்கிங்கிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை.