கத்தோலிக்க சமய பாட ஆசிரியருக்கு

எங்கள் பாடசாலையின் அந்த அதிபரை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அவருக்கும் என்னை அப்படித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ நடுநிலையாக நின்று பேசுகிற மனிதன் என்று என்னை நினைத்துவிடுவீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. இன்றைக்கும் அவர் முகம் நினைவுக்கு வந்தால் எனக்கு வயிறு எரியும்.

சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, கிளிநொச்சியில் கொஞ்சக்காலம் இருந்து, அங்கிருந்தும் எழும்பிப் புதுக்குடியிருப்பில் வந்து விழுந்திருந்த காலம். எங்கள் பாடசாலைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. காலையில் ஊர்ப் பாடசாலை நடக்கும். பன்னிரண்டரைக்கு அவர்கள் மணியடித்துக் கலைந்த பிறகு, அதே கிடுகுக் கொட்டில்களில், அதே வாங்குகளில் எங்கள் பிள்ளைகள் வந்து இருப்பார்கள். வாங்கு இன்னும் சூடு ஆறியிருக்காது. நான் மேல்வகுப்புகளுக்குச் சைவநெறி படிப்பித்தேன்.

திங்கட்கிழமை தோறும் பாடக்குறிப்புப் புத்தகம் அதிபரின் மேசைக்குப் போகவேண்டும். அலகு, நோக்கம், துணைச்சாதனம், செயற்பாடு, கணிப்பீடு என்று கோடு போட்டு எழுதவேண்டும். கொப்பிக்கும் பேனைக்கும் தட்டுப்பாடான நாட்களிலும் அதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே ஒரு சிவப்புப் பேனை வைத்திருந்தார். அதையும் எனக்காகவே மிச்சம் பிடித்து வைத்திருந்தார் என்றுதான் நம்புகிறேன். 'துணைச்சாதனம்: கோபுரத்தின் படம்' என்று எழுதினால், பக்கத்தில் 'படம் எங்கே?' என்று கேட்டிருப்பார். படம் யாழ்ப்பாணத்தில், என் வீட்டு அலுமாரியில். வீடு இருக்கிறதா என்றே தெரியாது. இதையெல்லாம் அவருக்கு யார் விளக்குவது? அடுத்த கிழமை, 'துணைச்சாதனம்: ஆசிரியரின் வாய்' என்று எழுதினேன். அதற்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் தந்தார்.

அரசாங்கச் சோதினை எழுதவேண்டிய பதினோராம் ஆண்டில் ஐந்து பிள்ளைகள் கத்தோலிக்கர். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கடற்றொழில் குடும்பங்கள். சமய பாடம் வந்தால் அவர்கள் எழும்பிப்போய்ப் பாலைமரத்தின் கீழ் இருப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு ரீச்சர் இருந்தார். அவர் இயக்கத்திடம் பயண அனுமதிப் பாஸ் எடுத்து, அரசாங்கப் பக்கம் இருந்த வவுனியாவுக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. அடுத்த நாளே அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"ஐஞ்சு பிள்ளையள்தானே. உம்மடை வகுப்பிலேயே இருத்தும். சோதினையிலை சைவநெறி எழுதட்டும்."

நானும் மறுக்கவில்லை. வகுப்புக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கடைசி வாங்கில் இருந்த பெண்பிள்ளை எழும்பினாள். மெலிந்த, கறுத்த, எதற்கும் சிரிக்காத பிள்ளை.

"நாங்கள் எழுதமாட்டம் சேர்."

"ஏன்? சைவம் படிச்சா நாக்கு அழுகிப்போமோ?"

"எங்களுக்கு எங்கடை சமயம் இருக்குது சேர்."

முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் என் மூக்கு உடைந்ததுபோல் இருந்தது. 'வேதக்காரத் திமிர்' என்று, கிறிஸ்தவர்களை இளக்காரமாகச் சொல்கிற சொல்லை வாய்க்குள் சொன்னேன். வாய்க்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவளுக்குக் கேட்டிருந்தது. அன்றிலிருந்து அவள் என்னைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது.

அதிபரிடம் போய் அந்தப் பிள்ளைகள் மறுக்கிறார்கள் என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக்கூட நிறுத்தவில்லை.

"அப்ப நீரே அதையும் படிப்பியும். ரெண்டுக்கும் பாடக்குறிப்பு வேணும். திங்கக்கிழமை மேசையிலை இருக்கோணும்."

என்னால் முடியாது என்று சொல்லவேண்டும் என்றுதான் அவர் காத்திருந்தார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க நான் தயாரில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பிள்ளைகளின் மேல் கொண்ட இரக்கத்தால் நான் அந்த வேலையை எடுக்கவில்லை. வீம்பில் எடுத்தேன்.

அடுத்த நாட்காலை சைக்கிளை மிதித்துக்கொண்டு வேதக்கோயில் பாதரிடம் போனேன். வளவு முழுக்க இடம்பெயர்ந்த சனங்கள். பாதர் கூடாரத்துக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். வந்த காரணத்தைக் கேட்டார். முகம் சுருங்கியது.

"பிள்ளையளைச் சைவமாக்கிப் போடாதேங்கோ மாஸ்டர்."

"ஆக்கிறதெண்டா இருந்த இடத்திலேயே ஆக்கியிருப்பன் பாதர். இவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி வந்திருக்கமாட்டன்."

அவர் உள்ளே போய், ஓரம் செல்லரித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்து தந்தார். "இது பழசு. பாடத்திட்டம் மாத்துறாங்கள் எண்டு கேள்வி. புதுசு வந்தா அதைப் பாத்து நடத்துங்கோ" என்றார். சரி என்று தலையாட்டினேன். வழி நெடுக எனக்குச் சிரிப்பு. சமயம் என்ன விஞ்ஞானமா, வருடத்துக்கு வருடம் மாற?

அடுத்து வந்த காலைகளில் கொட்டில் வீட்டு வாசலில் பலகையைப் போட்டு அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பிரித்து எழுதினேன். கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று போகிற புத்தகம். மனப்பாடம் செய்விக்க வசதியானது. முப்பது கிழமைக்கும் அலகு பிரித்தேன். நோக்கம் எழுதினேன். 'துணைச்சாதனம்' என்ற இடத்தில் 'மாணவர் கழுத்திலுள்ள செபமாலை' என்று எழுதினேன். அதில் அதிபரால் பிழை பிடிக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எத்தனையோ வருடத்தில் அந்த மனிதர் எனக்கு எழுதிய ஒரே 'நன்று' அதுதான். நான் அதை மூன்று தரம் பார்த்தேன், வெட்கமில்லாமல்.

பாலைமரத்தின் கீழ் பாடம் நடந்தது. அந்தப் பிள்ளை ஒரு நாளும் சும்மா விடவில்லை. ஞானஸ்நானம் முதலான சடங்குகளை நான் 'தேவதிரவிய அனுமானங்கள் ஏழு' என்று சொல்லிக்கொடுத்தால் கை உயர்த்துவாள்.

"சேர், இப்ப கோயிலிலை அப்பிடிச் சொல்றேல்லை. திருவருட்சாதனம் எண்டுதான் சொல்லுறது."

"நீர் புத்தகம் எழுதினவரிலும் படிச்ச ஆளோ?"

"இல்லை சேர். ஆனா இப்ப சொல்றேல்லை."

"புத்தகத்திலை உள்ளதை எழுதும்."

அவள் எழுதினாள். தாளைக் கிழிப்பதுபோல் அழுத்தி எழுதினாள்.

ஒரு நாள் மற்றவர்கள் போன பின்பும் அவள் மரத்தடியிலேயே நின்றாள். திட்டுவதற்கு வாய் எடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"சேர், சமயம் எனக்குப் பாஸ் வருமோ?"

விரல் மடக்கிச் சொன்னாள். தமிழ், கணக்கு, சமூகக்கல்வி, சித்திரம், மனையியல். இந்த ஐந்திலும் எப்படியும் சித்தியடைந்துவிடுவாள். விஞ்ஞானத்துக்கு அந்த வருடம் முழுக்க ஆசிரியரே இல்லை. ஆங்கிலம் தொட்டும் பார்க்கவில்லை. ஆறாவது என்று எண்ண மிஞ்சியது சமயம் ஒன்றுதான். ஆறு சித்தி இருந்தால் மேலே படிக்கலாம்.

"ஆறு இல்லாட்டி அம்மா கருவாடு காயப்போடுற வாடிக்குத்தான் வேலைக்கு விடுவா. அக்காவையும் அப்பிடித்தான் விட்டவா."

"அப்ப சைவநெறியை எழுதியிருக்கலாமே. என்ரை பிள்ளையள் ஒருத்தரும் பெயிலாறேல்லை."

"அது என்ரை சமயம் இல்லையே சேர்" என்றாள், இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியவில்லையா என்கிற மாதிரி. பிறகு, "நீங்கள் தாறதை எல்லாம் பாடமாக்கிறன். அது போதும்தானே?" என்று கேட்டாள்.

போதும் என்றேன். அவள் உண்மையிலேயே அத்தனையையும் பாடமாக்கினாள். கொப்பியில் எங்கே கைவைத்துக் கேட்டாலும் பதில் வரும். எனக்கு அவளைப் பிடிக்காது. ஆனால் பாடம் கேட்கும்போது ஒரு பெருமை வந்தது, அது நான் எழுதிய பாடக்குறிப்பு என்பதால்.

மூன்றாம் தவணை தொடங்கிய கிழமையில் அதிபர் கூப்பிட்டார். மேசையில் நீளமான மண்ணிறக் கடித உறை. வவுனியா வழியாக வந்தது. வழியில் யாரோ உடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். மேலே 'கத்தோலிக்க சமய பாட ஆசிரியருக்கு' என்று தட்டச்சில் இருந்தது.

"ஒப்பம் வைச்சு எடும்" என்று பதிவேட்டைத் தள்ளினார்.

பெயர், பதவி, ஒப்பம் என்று மூன்று நிரல். பதவி நிரலில் அவரே தன் குண்டெழுத்தில் எழுதி வைத்திருந்தார், 'கத்தோலிக்க சமய பாட ஆசிரியர்' என்று. எனக்குச் சுரீரென்றது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலில் பிரசங்கம் செய்கிறவன் நான். இதில் ஒப்பம் வைத்தால் நாளைக்கு என் உத்தியோகக் கோப்புக்குள்ளும் அப்படியே ஏறும். பிறகு காலம் முழுக்க அந்த வேலையும் என் தலையில்தான்.

"நான் சைவநெறி ஆசிரியன். ரீச்சருக்குப் பதிலாத்தான் இதைப் பாக்கிறன். அதை வெட்டிப்போட்டு 'பதில் கடமை' எண்டு போடுங்கோ, வைக்கிறன்."

"பதிவேட்டிலை வெட்டித் திருத்தேலாது."

"அப்ப எனக்கு வேண்டாம்."

"ஒப்பம் இல்லாமல் நானும் தரேலாது."

பிறகு அவர் எழும்பி, உறையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார். நான் வெளியே வந்தேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவரும் தான் வென்றதாக நினைத்திருப்பார். ஏதோ சுற்றுநிருபமாக இருக்கும், இருந்தால் இருக்கட்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பிள்ளை மரத்தடியில் கேட்டாள்.

"சேர், புதுப் பாடத்திட்டம் வந்திருக்காம். வேறை பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் கதைச்சவையள்."

எனக்கு அந்த உறை நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வரவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் வந்தது. மண்ணிற உறை, ஒட்டிய ஓரம், அதிபரின் சட்டைப் பை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. பத்து அடி நடந்துபோய்ப் பேனையை எடுத்தால் முடிகிற விஷயம்.

"வந்தா எனக்குத்தானே வரும்? வரேல்லை. நீர் பேசாமல் இருக்கிறதைப் பாடமாக்கும்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் கொப்பியைத் திறந்தாள். அந்த ஒரு நாள்தான் அவள் என்னை எதிர்த்துப் பேசவில்லை.

மார்கழியில் சோதினை. சமய பாடம் முடிந்து வெளியே வந்தபோது ஐந்து பேரும் வேலியோரம் ஒன்றாக நின்றார்கள். மற்ற நால்வரும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து புலம்பினார்கள். அவள் வினாத்தாளை என்னிடம் நீட்டினாள். குடும்பம், சமூகம், உழைப்பு, இன்றைய மனிதனின் கடமை என்று கேள்விகள் போயின. கேள்வி பதிலாக நான் உருப்போட வைத்ததில் கால்வாசிகூட இல்லை.

"பாதிக்கு மேலை தெரியாத கேள்வி சேர்."

நான் நேரே அதிபரின் அறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் என்ன விஷயம் என்று அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். அலுமாரியைத் திறந்து உறையை எடுத்து நீட்டினார்.

"ஒப்பம்?" என்றேன்.

"இனி என்னத்துக்கு ஒப்பம்?"

உள்ளே புதிய பாடத்திட்டம், ஆசிரியர் கைநூல், மாதிரி வினாத்தாள். மாதிரியையும் கையில் இருந்த வினாத்தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். கேள்விகள் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. அவரும் எட்டிப் பார்த்தார். நானும் அவரும் சண்டை பிடிக்காமல் ஒரு மேசையில் குனிந்து நின்றது அன்றைக்குத்தான். அவரைக் கெட்ட வார்த்தையால் திட்டவேண்டும்போல் இருந்தது. திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது.

பெறுபேறு வந்தபோது பல மாதம் ஆகிவிட்டது. ஐவரில் இருவருக்குச் சமயம் சித்தி. அவர்கள் ஞாயிறு தோறும் கோயில் வகுப்புக்குப் போனவர்கள். அவள் போகவில்லை, சேர் தருவதே போதும் என்று நம்பியவள். தமிழ், கணக்கு, சமூகக்கல்வி, சித்திரம், மனையியல். அவள் விரல் மடக்கிச் சொன்ன அதே ஐந்துதான் அவளுக்குச் சித்தி.

பெறுபேற்றுச் சீட்டு கொடுக்கிற வேலையையும் அதிபர் என்னிடம்தான் தந்திருந்தார். அவள் வந்தாள். உடுப்பில் கருவாட்டு மணம் ஏறியிருந்தது. சீட்டை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு மடித்தாள். ஏற்கனவே யாரிடமோ கேட்டு அறிந்திருந்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. உறை வந்ததை, பதிவேட்டை, பதவி நிரலை, அலுமாரியை, 'வரேல்லை' என்று நான் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் திருப்பிக் கத்த எனக்குத் தெரியும்.

"எங்கை ஒப்பம் வைக்கோணும் சேர்?" என்று மட்டும் கேட்டாள்.

சீட்டு வாங்கியதற்கான பதிவேட்டைத் திருப்பி அவள் பெயரைக் காட்டினேன். என் கையிலிருந்த பேனையை வாங்கி, பெயருக்கு நேரே ஒப்பம் வைத்தாள். பேனையை மூடி மேசையில் வைத்தாள்.

"இவ்வளவுதானே சேர்" என்றாள்.