புவனஸ் அயர்ஸில் எனக்குச் சொல்லாதது

அம்மா மெல்பேணில் செத்துக்கொண்டிருந்த நாட்களில் நான் புவனஸ் அயர்ஸில் சிரித்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தம்பிக்குத் தெரியும். கேரம் டவுன்ஸ் கோயிலில் அம்மாவோடு இருந்து மாலை கட்டுகிற பெண்களுக்குத் தெரியும். என் பக்கத்தில் படுத்து எழும்பிய என் கணவருக்கும் தெரியும்.

முதுகில் பையைப் போட்டுக்கொண்டு தென் அமெரிக்கா போகிறோம் என்றபோது வீட்டில் ஒரே பகிடி. சண்டைக்குள் நாங்கள் ஊரைவிட்டுப் பையோடு ஓடி வந்தது காணாதென்று நீங்கள் இப்போது காசு கொடுத்து ஓடப் போகிறீர்களோ என்று அம்மா கேட்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் வேலை வேலை என்று பறந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரமில்லாமல் இருந்தோம். நீண்ட விடுப்பு கிடைத்ததும் இதுதான் சந்தர்ப்பம் என்று புறப்பட்டோம். அம்மாவுக்கு அப்போதே ஒரு இருமல் இருந்தது. மெல்பேண் குளிருக்கு யாருக்குத்தான் இருமல் இல்லை என்று அவரே சொல்லி அனுப்பினார்.

சான் டெல்மோ என்ற பழைய பகுதியில் ஒரு மலிவான விடுதியில் தங்கினோம். எல்லோரும் பொதுவாகச் சமைக்க ஒரு குசினி. விடுதிக்காரர் ஒரே குழலில் எல்லோரும் மாறி மாறி உறிஞ்சுகிற மூலிகைத் தேநீரைப் பாசத்தோடு நீட்டுவார். எச்சில் என்று மறுக்கவும் முடியாது. தெரு முழுக்க இறைச்சி வாட்டுகிற புகை. வெள்ளிக்கிழமைகளில் சைவம் சாப்பிடுகிற என் கணவர், நாங்கள் அங்கே நின்ற கடைசி வெள்ளிக்கிழமை, இறைச்சி வேண்டாம் என்று கையையும் வாயையும் வைத்து விளங்கப்படுத்தியபோது கோழியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு நான் அடித்த சிரிப்பைப் படம் பிடித்தது அவர்தான். அப்போது அவருக்கு எல்லாம் தெரியும்.

எங்களுக்குப் பின்னேரம் ஆகும்போது மெல்பேணில் அடுத்த நாள் காலை. அந்த நேரம்தான் நான் வீட்டுக்குக் கதைப்பேன். ஒருநாள் ரெக்கொலேட்டா என்ற இடத்துச் சுடலையைப் பார்க்கப் போனோம். பணக்காரர்களின் கல்லறைகள், வாசலும் கதவும் வைத்த சின்னச் சின்ன வீடுகளாக வரிசைக்கு நிற்கின்றன. உள்ளே வர இவர் மறுத்துவிட்டார். வாசலிலேயே நிற்கிறேன், நீ பார்த்துவிட்டு வா என்றார். பேய்க்குப் பயந்த ஆம்பிளை என்று நான் பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் அம்மா படம் இல்லாமல் குரலில் மட்டும் வந்தார். சுடலைக்குப் போன கதையைச் சொன்னேன். "அதையும் காசு குடுத்துப் பாத்தனியளோ? முதல்ல போய் முழுகு பிள்ளை," என்றார். சிரிக்கத் தொடங்கினார், அது இருமலாகியது, தம்பி போனை வாங்கிக்கொண்டான். அம்மா என்னோடு கடைசியாகக் கதைத்தது அவ்வளவுதான். அதை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதன் பிறகு எப்போது எடுத்தாலும் தம்பிதான் வருவான். அம்மா நித்திரை என்பான். அல்லது குளிக்கிறா, கோயிலுக்குப் போயிட்டா. விடிய முன்னம் எழும்பித் தேத்தண்ணி வைக்கிற மனுசி இந்த நேரத்தில் என்ன நித்திரை என்று கேட்டேன். புது இருமல் மருந்து ஆளை அசத்திப் படுக்கவைக்கிறது என்றான். நான் நம்பினேன். கூடப் பிறந்தவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

உண்மை சிட்னியிலிருந்து வந்தது. எங்கள் விமானம் திரும்பும்போது முதலில் சிட்னியில்தான் இறங்குவதாக இருந்தது. ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் அம்மாவின் சிநேகிதி ஒருவரை நாங்கள் அன்ரி என்போம். அவர் வீட்டில் ஒரு இரவு தங்கி, ஹெலன்ஸ்பர்க் கோயிலையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கேட்க அவருக்கு எடுத்தேன். எனக்குச் சொல்லக்கூடாது என்று அன்ரிக்கு மட்டும் ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

"கோயிலுக்கோ?" என்றார் அன்ரி. "பிள்ளை, நீ அப்ப அம்மாவோட நிக்கேல்லையே?"

நியூமோனியா. இரண்டு பக்க நுரையீரலும் போய், தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்கு இயந்திரம் போட்டிருக்கிறார்கள். அன்ரி அழுதுகொண்டே சொல்லி முடித்தார்.

இவர் குசினியில் தக்காளி வெட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டார். மறுக்கவில்லை. எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். சுடலைக்குப் போன அன்று காலையில் தம்பி சொன்னதாகச் சொன்னார். அம்மாவே பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம் என்றாராம், சுகமாகிவிடும் என்று டொக்டரும் சொன்னாராம், பிறகு நாள் போகப் போக எப்படிச் சொல்வதென்று தெரியவில்லையாம். எங்கள் சனத்துக்கு இது ஒரு வியாதி. தூர இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது. சொல்லாமல் விடுவதுதான் அன்பு. சொல்லி அழவைக்கிறவன் பொல்லாதவன். நான் கத்தினேன். அந்தக் குசினியில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

"இனி என்ன நடந்தாலும் எனக்கு உடன சொல்லோணும்," என்றேன்.

"ஓம். சத்தியமாச் சொல்லுறன்," என்று என் தலையில் கை வைத்தார்.

விமான ரிக்கெற்றை மாற்றி, அடுத்த நாளே கிளம்பினோம். சந்தியாகோவில் இறங்கி, அங்கிருந்து நேரே மெல்பேண். அம்மாவை உயிரோடு பார்க்க வேண்டும். கண் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, கை சூடாக இருக்கும்போது பிடிக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. சந்தியாகோ விமான நிலையத்தில் என் போன் வேலை செய்யவில்லை. இவர் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய்த் தம்பியோடு கதைத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். அப்படியேதான் இருக்கிறாவாம் என்றார். இனி மெல்பேண் வரைக்கும் போன் இல்லை.

மெல்பேணில் வெளியே வந்தபோது தம்பி தனியாக நின்றான். சவரம் செய்யாத முகம். நான் ஓடிப்போய், நேரே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இவரைப் பார்த்தான்.

"அத்தான், அக்காவுக்கு இன்னும் சொல்லேல்லையே?" என்றான். "நான் உங்களுக்குச் சந்தியாகோவிலயே சொன்னனான்தானே."

செத்தவீட்டில் எல்லோரும் இவரைத்தான் புகழ்ந்தார்கள். நல்ல பக்குவமான பிள்ளை, அவளைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டான் என்றார்கள். பிளேனில் நீ அழுதால் நான் தனிய என்ன செய்வேன் என்று இவரும் என்னிடம் கேட்டார்.

அந்தக் கடலைத் தாண்டி வந்த நேரம் முழுக்க நான் நித்திரை கொள்ளவில்லை. அம்மா பிழைத்தால் கேரம் டவுன்ஸ் கோயிலில் பாற்செம்பு எடுப்பதாக நேர்த்தி வைத்தேன். ஒரு வருசம் மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்று வைத்தேன். பிறகு இவரையும் தட்டி, நீங்களும் ஒன்று வையுங்கோ, இரண்டு பேர் கேட்டால் கடவுள் தருவார் என்று கெஞ்சினேன். இவர் என் கையைப் பிடித்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கும்பிட்டார்.

"அம்மா எழும்பினா நான் காவடி எடுக்கிறன் எண்டு வைச்சிருக்கிறன்," என்றார்.