டேவிட்டுக்குச் சொல்லாத கவர்னர் செட்டிங்

டேவிட் இறந்துவிட்டான். நேற்று, ஞாயிற்றுக்கிழமை மாலை, வட்டவளையில், வீட்டில். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழவில்லை.

முப்பத்து மூன்று வயது. தேயிலை ஃபேக்டரி எலக்ட்ரீஷியன். நான் அங்கே மெயின்டனன்ஸில் இருந்த நான்கு வருடமும் என்னோடு வேலை செய்தவன்.

காலையிலிருந்து என் டைம்லைன் முழுக்க அவன் விமானம் விடும் அந்த வீடியோதான். "நம்ம டேவிட் செஞ்ச ப்ளேன்" என்று போட்டுப் பகிர்கிறீர்கள்...

அது அவன் செய்தது அல்ல. நான் செய்தது. சிவப்புச் சிறகு, எடை குறைந்த பால்சா மரம், ஐந்து மாத வேலை. வீடியோ எடுத்ததும் நான்தான்.

இன்றைக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். எனக்கு அவன்மேல் பொறாமை. அவன் இருந்தபோதும் இருந்தது, இன்று காலை போனைத் திறந்தபோதும் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... இது ரிமோட் விமானம் இல்லை, கன்ட்ரோல் லைன். சிறகிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் வரும், அவற்றின் முனையில் ஒரு கைப்பிடி. நாம் நடுவில் நின்று விமானத்தோடு சுற்ற வேண்டும். பிடியைச் சாய்த்தால் ஏறும், இறங்கும், குட்டிக்கரணம் போடும். கம்பி தொய்ந்தால் விழும்.

ஆளுக்கொன்று செய்தோம். பேட்டரியில் ஓடும் மோட்டார். அதை ஓட்டும் ஸ்பீட் கன்ட்ரோலர் இருவருக்கும் ஒரே வகை, ஒரே பார்சலில் வந்தது. நான் பால்சா வரவழைத்து, கணக்குப் போட்டு வெட்டினேன். அவன் ஹட்டன் மார்க்கெட்டில் மீன் வருகிற ரெஜிபோம் பெட்டிகளை, அந்த வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகளை, வாங்கி வந்து அறுத்தான்.

"மீன் நாத்தம் அடிக்குதுடா" என்றேன்.

"பறக்கிறப்ப ஒன் மூக்கு அதுகிட்டயா இருக்கப் போகுது, மச்சான்?"

தோட்டத்து கிரவுண்டில் டெஸ்ட். முதலில் என்னுடையது. நான் நடுவில் பிடியோடு நிற்கிறேன். இருபது மீட்டர் தள்ளி டேவிட் குந்தி உட்கார்ந்து விமானத்தைப் பிடித்திருக்கிறான். மோட்டார் சீறியது. "விடு" என்றேன். விட்டான்.

ஓர் அங்குலம் நகர்ந்து மூக்குக் குப்புற விழுந்தது. ப்ரொப்பெல்லர் இரண்டு துண்டு.

ஓடிப்போய்ப் பார்த்தால்... சக்கரத்துக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம்.

எங்கள் ஃபேக்டரியில் புது மெஷின் எதுவும் பழம் வைக்காமல் ஓடாது. டேவிட் வேதக்காரன், ஆனாலும் சுவிட்ச் போடுமுன் பழம் எங்கே என்று கேட்பவன் அவன்தான். புது வேன் என்றால் டயரால் நசுக்கும். ஒன்றரைக் கிலோ விமானம் என்ன செய்யும்?

"புது வண்டி ஆச்சே... ஒனக்கு நல்லது நடக்கட்டும்னுதான்டா வச்சேன்."

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார், சும்மா இருக்கவில்லை. "என்னங்க இஞ்சினியர் தம்பி, ப்ளேன் ஜூஸ் பிழியத்தான் வந்திச்சா?"

அடுத்து டேவிட்டின் மீன் பெட்டி. அதற்குச் சக்கரமே இல்லை, கண்டாக்கையா கையால் தூக்கி விட்டார். பறந்தது. ஏறும்போதெல்லாம் வேகம் குறைந்தது, கம்பி தொய்ந்தது. உடனே அவன் நாலு எட்டு பின்னால் வைத்துக் கம்பியை விறைப்பாக்கினான். யாரும் சொல்லித்தரவில்லை. கிரவுண்டே கைதட்டியது.

தான் முதலில் பறக்கவிட வேண்டும் என்றுதான் பழத்தை வைத்தான்... அன்று அப்படித்தான் நம்பினேன்.

சாமான்களைக் கட்டும்போது கேட்டான். "ஏறுறப்ப ஸ்பீடு விழுது மச்சான். கன்ட்ரோலர்ல ஏதாச்சும் செட்டிங் இருக்கா?"

இருக்கிறது. கவர்னர் என்று பெயர். ஏறினாலும் இறங்கினாலும் மோட்டாரை ஒரே வேகத்தில் பிடித்து வைக்கும். அதை மாற்ற, வரிசை வரிசையாக லைட் எரியும் ஒரு சின்ன கார்டு வேண்டும். அந்த நிமிடம் அது என் சட்டைப் பையில் இருந்தது.

"தெரியல" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து என் விமானமும் பறந்தது. வட்டமாக, பத்திரமாக. லூப் போட எனக்குக் கை வரவில்லை, தலை சுற்றியது. இறக்கிவிட்டு, அடுத்த ரவுண்டுக்குப் பிடியை அவனிடம் கொடுத்தேன். லூப், தலைகீழ், எட்டு வடிவம்... எல்லாம் போட்டான். என் விமானத்துக்கு அதெல்லாம் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் பகிரும் வீடியோ அதுதான். கவனித்துப் பாருங்கள், ஓர் அடிகூடப் பின்னால் எடுத்து வைக்கவில்லை.

"ஒரே ஸ்பீடுல போகுதே, எப்பிடிடா?"

"மோட்டார் நல்லது."

நம்பிவிட்டான்.

அப்புறம் நான் பூண்டுலோயாவுக்கு வேலை மாறி வந்துவிட்டேன். அவன் என்னுடையது போலவே ஒரு மோட்டாரை ஆர்டர் பண்ணினான். போன வாரம்தான் கைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை போன் பண்ணினான்.

"அதே மோட்டார்தான் மச்சான், ஆனா ஒன்னது மாதிரி போகல. ஞாயித்துக்கிழமை வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயேன்."

"வேலை இருக்குடா."

"சரி, அப்ப அடுத்த ஞாயிறு."

வேலை ஒன்றும் இல்லை. கார்டைக் கொண்டுபோனால், இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று கேட்பான். அவ்வளவுதான் காரணம்.

இன்று காலை போனில் அவன் மனைவி அழவில்லை. அழுது முடித்திருந்தாள். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டாள். "அந்த மோட்டார் சரியில்லன்னு பொலம்பிக்கிட்டே இருந்தாருங்கண்ணே. அதைத் திருப்பி அனுப்ப முடியுமா?"

"மோட்டார்ல ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அடக்கம் நாளை பின்நேரம். நான் பஸ்ஸில் இருக்கிறேன்.

டேவிட்... கார்டைக் கன்ட்ரோலரில் செருகு. நாலாவது வரிசை. லைட்டைக் கவர்னருக்குக் கொண்டுபோ. பேட்டரியை ஒருமுறை கழற்றி மாட்டு. ரெண்டு நிமிஷ வேலைடா.

போய் வா மச்சான்.